வாங்கிய தண்ணீரை எப்படிக் கொட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கினால் டெங்கு செய்திகளில் 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் ஒரு வாரம் இருந்து பார்த்தால் அப்படி எழுத மனம் வராது. தேங்கிய தண்ணீரில் கொசு வரும் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சரி, தெரிந்தும் ஏன் ட்ரம்மைக் கவிழ்ப்பதில்லை? கிணற்றுத் தண்ணீர் உப்பு. குழாயில் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. வராத நாளில் வண்டிக்காரரிடம் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். முந்தாநாள் வாங்கிய தண்ணீரை எந்தப் பெண் தெருவில் கொட்டுவாள்?

போன ஐப்பசியில் என் மகளுக்கு டெங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீடு திரும்பிய அன்று அடுப்படி மூலையில் இருக்கும் நீல ட்ரம்மில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. சோறு பொங்க மொள்ளுகிற தண்ணீர் அது. துணி கட்டித்தான் வைத்திருந்தேன். மொள்ளும்போதெல்லாம் ஓரம் அவிழ்ந்ததைக் கவனிக்கவில்லை.

அதன் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் கொசு நல்ல தண்ணீரில்தான் பெருகும். நீர்மட்டத்தை ஒட்டிச் சுவரில் இடும் முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் தண்ணீரைக் கொட்டவே வேண்டாம். வேட்டித் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, ட்ரம்மின் உள்சுவரை வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவினால் போதும். 'கொட்டுங்கள்' என்று வாசல் வாசலாகச் சொல்கிறவர்கள் இதைச் சொன்னால் என்ன?

கொசுவலையும் அப்படித்தான். ராத்திரிக்கு மட்டும் கட்டுகிறோம். டெங்கு கொசு கடிப்பதோ பகலில். விடியற்காலை கரை சேர்ந்த ஆண்கள் திண்ணையில் அசந்து தூங்குவதும் பகலில்தான்.

தண்ணீர் வரும் நாளை முன்கூட்டியே அறிவியுங்கள். ட்ரம்முக்கு இறுக்கமான மூடி கொடுங்கள். அப்புறம் எங்களைக் குறை சொல்லலாம்.

இப்போது ஞாயிறுதோறும் நானும் மகளும் ட்ரம்மைத் தேய்க்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். மாற்றி ஊற்ற அவரிடம் இன்னொரு ட்ரம் இல்லை. திங்கட்கிழமை எங்களுடையதை எடுத்துக்கொண்டு போகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏர்வாடி, ராமநாதபுரம் மாவட்டம்