சின்னப் பூங்காவின் அமைதியைக் கெடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியிருப்புகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் சிறு பூங்காக்களை மேம்படுத்துகிறோம் என்று எங்கே வேலை தொடங்கினாலும் எனக்கு மனசு கலங்கிப்போகிறது. மண் பாதை இருந்த இடத்தில் கல் பதிக்கிறார்கள். மரத்தின் அடிவரை சிமெண்ட் பூசுகிறார்கள். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி, கிளைக்குக் கிளை வண்ண விளக்கு. செய்கிறவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே எங்களுக்கு இருந்த பெரிய வசதியே அமைதிதான். அதை எடுத்துவிட்டு வேறு எதைக் கொடுத்தாலும் ஈடாகாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மாமியாருக்குக் காது மந்தம். காதொலிக் கருவி வைத்திருக்கிறார். வீட்டில் தொலைக்காட்சி, மின்விசிறி, குக்கர் விசில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கேட்கும்போது பேத்தி சொல்வது அவருக்குப் பிடிபடாது. செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சிரமம் உண்டு. பின்னணி இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பதுதான் அவர்களுக்குக் கடினம். சத்தத்தைக் கூட்டி வைத்தால் இரைச்சலும் சேர்ந்து கூடுகிறது. பூங்காவின் உள்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. ஒரு நாள் அங்கே செத்துப்போன தட்டானின் இறக்கை ஒன்றை எறும்புகள் இழுத்துக்கொண்டு போக, அது பாய்மரம் போல நிமிர்ந்து ஆடி ஆடி நகர்ந்தது. மகள் குத்தவைத்து உட்கார்ந்து அதன் கூடவே நகர்ந்தாள். “எங்க தூக்கிட்டுப் போகுது, பாட்டி?” என்று தலையைத் தூக்காமலே கேட்டாள். “அதுக்கும் வீடு வாசல் இருக்குல்ல, அங்கதான்” என்று பெஞ்சிலிருந்தே பதில் வந்தது. கத்தாமல், திரும்பக் கேட்காமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்த பெஞ்சுக்கு மேலே ஒரு ஒலிபெருக்கியை மாட்டினால், எவ்வளவு இனிமையான பாட்டு போட்டாலும், இந்தப் பேச்சு நின்றுபோகும்.

மனிதர்கள் மட்டுமல்ல, பறவைகளும் இரைச்சலோடு மல்லுக்கட்டுகின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில் பட்டாணிக்குருவிகளை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். இரைச்சல் மிகுந்த இடங்களில் இருக்கும் குருவிகள் தாழ்ந்த சுருதியை விட்டுவிட்டு உச்சத்தில் பாடுகின்றன என்று தெரிந்தது. வாகனங்களின் உறுமல் தாழ்ந்த சுருதியில் இருப்பதால், அதற்கு மேலே கேட்டால்தான் துணையின் காதில் விழும். பூங்காவுக்குள்ளும் நாமே இரைச்சலைக் கொண்டுவந்து வைத்தால் அவை எங்கே போகும்? கைப்பேசியில் சத்தமாகக் காணொளி பார்த்தபடி நடக்கிறவர்களையும் இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து இயர்போனைக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு வகைவகையாக விளையாட்டுச் சாதனங்கள் வாங்கிப்போட்டால்தான் வருவார்கள் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அப்படியில்லை. வெளியில், பகல் வெளிச்சத்தில் இருப்பதே அவர்களுக்குப் பெரிய நன்மை. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விடப்பட்ட முதல் வகுப்புப் பிள்ளைகளில், 3 ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் அது சுமார் 40 சதவீதம். ஊஞ்சலும் சறுக்குமரமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருப்பதை ஒழுங்காக வைத்திருந்தால் போதும். ஊஞ்சலுக்கு அடியில் கொட்டிய மணல் மிதிபட்டு இறுகிவிட்டால் விழுகிற பிள்ளைக்கு அது தரையேதான்; அவ்வப்போது கிளறிவிட வேண்டும். தகரச் சறுக்குமரத்தை வெயிலில் நிறுத்தினால் தொடை பொத்துப்போகும். அதை நிழலுக்கு மாற்ற எவ்வளவு செலவாகிவிடும்?

நிழல் என்றதும் மரம். இதில்தான் எனக்கு மிகவும் வருத்தம். மரத்தைச் சுற்றி அழகாக மேடை கட்டுகிறார்கள், அடிவரை கல் பதிக்கிறார்கள். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் 2 அடிக்குள்தான் பரவியிருக்கின்றன. கிளைகள் எட்டும் தூரத்தையும் தாண்டிப் போகின்றன. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு அவசியமோ அவ்வளவு காற்றும் அவசியம். மேலே சிமெண்ட் போட்டு மூடினால் மழைநீரும் இறங்காது, காற்றும் போகாது. மரம் உடனே சாகாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும்போது யாருக்கும் காரணம் நினைவில் இருக்காது. புதிய கன்று நட்டு அந்த நிழலைத் திரும்பப் பெற ஒரு தலைமுறை ஆகும். அடிமரத்தைச் சுற்றி மண்ணை மண்ணாக விடுங்கள், உதிர்ந்த சருகையும் அங்கேயே கிடக்கவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெஞ்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகாக இருக்கிறது என்று முதுகுச் சாய்மானமும் கைப்பிடியும் இல்லாத கல் திண்டுகளைப் போட்டுவிடுகிறார்கள். மூட்டுவலி உள்ளவர் அதில் உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்க முடியாது. மாமியார் ஒரு கையை என் தோளிலும் இன்னொரு கையை முழங்காலிலும் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தால் யார் உதவியும் இல்லாமல் எழுந்துவிடுவார். பெஞ்சை எங்கே போடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். குடும்பங்கள் வருவது பெரும்பாலும் சாயங்காலம். வெயில் மேற்கிலிருந்து அடிக்கும். மரத்துக்கு மேற்கே பெஞ்சைப் போட்டால் நிழல் பின்னால் விழும். கிழக்கே போட்டால் உட்கார்ந்திருப்பவர்மேல் விழும்.

ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்றுக்கொண்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகளில், பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்கும் பாதுகாப்பான பசுமைப் பொது இடங்கள் 2030-க்குள் கிடைக்க வேண்டும் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் வாசல் இருக்கிறதா, பாதையில் படிக்குப் பதிலாகச் சாய்தளம் இருக்கிறதா என்று பார்ப்பது அந்த இலக்கின் பாற்பட்ட வேலைதான். அதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பூங்காவைப் பராமரிக்கிற தோட்டக்காரரைக் கேட்டாலே எது உடைந்திருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தப் பாதையில் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள் என்று சொல்லிவிடுவார்.

பொறுப்பில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஒலிபெருக்கிக்கும் வண்ண விளக்குக்கும் ஒதுக்கும் பணத்தை முதலில் கழிப்பறைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் திருப்புங்கள். தினமும் கழுவிவிட ஒரு ஆளைப் போடுங்கள். முதியவர்களோடும் சிறு பிள்ளைகளோடும் வருகிற குடும்பங்கள் வந்த வேகத்தில் கிளம்பிவிடுவதற்குப் பல இடங்களில் சுத்தமான கழிப்பறை இல்லாததுதான் காரணம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி