நூற்புழு ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு கொய்யா விவசாயியின் திறந்த மடல்

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறைக்கும் நானோ அறிவியல் துறைக்கும்,

வணக்கம். ஆயக்குடிப் பக்கம் கொய்யா வைத்திருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாற்றங்காலில் பதியன் வாங்கினேன். வேருக்குள் புகுந்து முடிச்சுப் போடும், கண்ணுக்குத் தெரியாத வேர்முடிச்சு நூற்புழுவும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது. இரண்டாம் வருடம் இலை செம்பழுப்பானபோது சத்துக் குறை என்று நினைத்து உரத்தை அள்ளிப் போட்டேன். பட்டுப்போன மரமொன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேரெல்லாம் இஞ்சி மாதிரி முண்டு முண்டாக இருந்தது. வளர்த்த மரத்தை அப்படிப் பார்ப்பது கொடுமை.

முன்பெல்லாம் குருணை மருந்துதான் வழி. அதில் ஒன்றான போரேட்டை 2020 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். நல்லதுதான், அந்த விஷத்தைக் கையால் தூவியவர்கள் நாங்கள். அதனால்தான் இலைச்சாற்றில் செய்த நானோ துகள், அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள், நூற்புழுவைக் கொல்கிறது என்று படித்ததும் மனம் துள்ளியது.

ஆனால் ஆழ்ந்து படிக்கப் படிக்கக் கவலையும் வந்தது. பெரும்பாலும் வெள்ளி உப்புக் கரைசலில் வேப்பிலைச் சாறு போன்ற ஒன்றைச் சேர்த்து, அது பழுப்பு நிறமானதும் துகள் உருவானதாகக் கொள்கிறார்கள். சாறு வெள்ளியைத் துகளாக்குகிறது, அவ்வளவுதான். வேம்பில் செய்ததால் வெள்ளி வேம்பாகிவிடாது. வேப்பம்புண்ணாக்கு மட்கிப்போகும், வெள்ளி மண்ணிலேயே கிடக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் குணமும் அதற்கு உண்டு. என் மண்ணில் பாக்டீரியாவைத் தின்று, தழைச்சத்தைப் பயிருக்கு விடுவிக்கும் நல்ல நூற்புழுக்களும் இருக்கின்றன. அவை என்ன ஆகும்?

இன்னொன்று. கண்ணாடித் தட்டில் நீரில் நீந்தும் குஞ்சுப்புழு சாவது வேறு, தோட்டத்தில் சாவது வேறு. வேருக்குள் புகுந்துவிட்ட பெண்புழு பசைப்பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. கொதிநீராவியில் சுத்தம் செய்த தொட்டி மண்ணில் கிடைத்த முடிவை, மட்கிய குப்பையும் களிமண்ணும் கலந்த என் தோட்டத்து மண்ணுக்கு அப்படியே பொருத்த முடியாது. துகள் அந்த மட்கிய குப்பையில் ஒட்டிக்கொண்டால் வேர்வரை எவ்வளவு போகும்?

சரி, கேட்பது இதுதான். கொய்யாத் தோட்டத்திலேயே, குறைந்தது இரண்டு மூன்று வருடம் சோதியுங்கள். வெறும் வேப்பிலைச் சாறு, வேப்பம்புண்ணாக்கோடு நூற்புழு முட்டையைத் தாக்கும் பர்பியூரியோசிலியம் பூஞ்சாணம், ஊடுபயிராகச் செண்டுமல்லி, இவற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புழு எண்ணிக்கையோடு மண்ணுயிர்களையும் பழத்தில் தங்கும் வெள்ளியையும் ஏக்கருக்கு ஆகும் செலவையும் எழுதுங்கள். தோற்றுப்போன சோதனையையும் தமிழில் வெளியிடுங்கள். வேப்பெண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக நீரில் கலந்த, மட்கிப்போகும் நானோ குழம்பு வெள்ளிக்கு நிகராக வேலை செய்யுமானால், அதையே முதலில் கொண்டுவாருங்கள். அப்புறம், பதியன் விற்கும் இடத்திலேயே வேரைச் சோதிக்க ஒரு வழி செய்யுங்கள். எனக்கு அது அன்றைக்குக் கிடைத்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

என் தோட்டத்தில் புழு பிடித்த ஆறு வரிசையைச் சோதனைக்குத் தருகிறேன். அதில் ஒரு வரிசைக்கு எந்த மருந்தும் வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விடுகிறேன். அந்த மரங்கள் போனாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு கொய்யா விவசாயி