மதிலுக்கு வெளியே ஒரு காய்கறித் தோட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளையொட்டிப் பேரணிகளும் கருத்தரங்குகளும் நடைபெறுகின்றன. அவை தேவையே. ஆனால், மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரின் அருகில் உட்காரத் தயங்குகிறவரின் அச்சம் துண்டறிக்கையைப் படிப்பதால் தீர்வதில்லை. அவரோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்து பழகும்போதுதான் மெல்ல விலகுகிறது. மனநோய் சார்ந்த களங்கத்தை ஆராய லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழுவும், நோயை அனுபவித்தவர்களோடு பழகுவதே அதைக் குறைக்க மிகவும் பயன்தரும் வழி என்று 2022இல் கூறியது. அப்படிப் பழகுவதற்கான இடங்களாகப் பொதுக் காய்கறித் தோட்டங்களைச் சென்னை மாநகராட்சி தொடங்க வேண்டும்.

மனநல மருத்துவமனைகளில் தோட்ட வேலை புதிதன்று. 1794 வரை பின்னோக்கி நீளும் வரலாறுடைய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் வேலைகளில் ஈடுபடுத்திக் குணப்படுத்தும் தொழில்வழிச் சிகிச்சை நெடுங்காலமாக அளிக்கப்படுகிறது. ஆயினும் மதிலுக்கு உள்ளே நடப்பதை ஊர் பார்ப்பதில்லை. அந்தப் பகுதியின் பெயரையே இன்னும் கேலிக்கு எடுத்தாள்கிறது. தங்கைக்கு வரன் தள்ளிப்போகுமோ என்று அஞ்சி அண்ணனின் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வந்திருக்கவில்லை என்பதற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம்.

வெண்டையை ஒருநாள் பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். ஆகவே, தோட்டத்திற்கு வராதவரை மறுநாள், "ஏம்பா, நேத்து எங்க போயிட்ட?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். மனச்சிதைவு நோயுள்ள என் தம்பியை மருத்துவரைத் தவிர வேறெவரும் அப்படிக் கேட்டு நான் அறிந்ததில்லை. மொட்டைமாடிப் பைகளில் அவன் அரைக்கீரை விதைத்த பிறகே, அதுவரை அவனைக் கண்டதும் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்ட கீழ்வீட்டு அக்கா, எரு எங்கே வாங்கினாய் என்று அவனிடமே கேட்டார். நோயைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை.

சில எச்சரிக்கைகள் அவசியம். தோட்டத்தின் பெயர்ப்பலகையில் 'மனநலம்' என்ற சொல்லே இருக்கக் கூடாது. அது அனைவருக்குமான தோட்டமாகவும், யார் நோயர் என்று வெளியே தெரியாததாகவும் இருந்தால்தான் நோக்கம் நிறைவேறும். மனநோய்க்கான மருந்துகளில் சில, உடல் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைப்பவை. அத்தகைய மருந்துகளில் ஒன்றான லித்தியம் உட்கொள்வோருக்கு உடலில் நீர் வற்றுவது ஆபத்து. எனவே வேலை காலையிலும் மாலையிலும் மட்டுமே நடக்க வேண்டும்; நிழலும் குடிநீரும் கட்டாயம். மீண்டவர்களைக் கூலியில்லா ஆட்களாக்குவதையும் ஏற்க முடியாது. மருந்துக்கும் ஆலோசனைக்கும் மாற்றாக இதை யாரும் முன்வைக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நிலம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காட்டைத் பொதுப் பயன்பாட்டுக்கான திறந்தவெளி ஒதுக்கீடாக விட வேண்டும் என்பது விதி. அப்படிக் கிடைத்த இடங்களில் புதர் மண்டிக் கிடப்பவை உண்டு. சமூகத்தில் பிறரோடு வாழ்வதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உரிமையாகவே வைத்திருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவும் தோட்டக்கலைத் துறையும் மாநகராட்சியோடு கலந்து, வரும் ஆடிப்பட்டத்திற்குள் ஒரு வார்டிலாவது இடத்தைத் தேர்ந்தெடுத்து, வேலியும் தண்ணீர்க் குழாயும் அமைத்துத் தர வேண்டும். அன்றாடப் பராமரிப்பை அத்தெருக்காரர்களும் மீண்டவர்களும் சம எண்ணிக்கையில் உள்ள ஒரு குழுவிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை.