சனிக்கிழமைப் பயிற்சிக்கு வருமுன்

வணக்கம். பினாங்குக் குழுவில் புதிதாகச் சேர்ந்த எக்ஸ்ரே மாணவர்கள் கவனிக்க.

எம்ஏஎஸ் (மில்லிஆம்பியர்-செகண்ட்) என்பது கதிரின் அளவு. இரட்டித்தால் கதிரும் இரட்டிப்பு. ஃபிலிம் காலத்தில் படம் அதற்கேற்பக் கறுக்கும். கேவி (கிலோவோல்ட்) என்பது கதிர் ஊடுருவும் வலு. அதை 15 சதவீதம் கூட்டினாலே எம்ஏஎஸ்ஸை இரட்டித்ததுபோல் ஆகிவிடும். அதனால் 70 கேவி, 10 எம்ஏஎஸ் வைத்த இடத்தில் 80 கேவி என்றால் 5 எம்ஏஎஸ் போதும். ஆனால் எலும்புக்கும் தசைக்கும் உள்ள வேறுபாடு மங்கும், கதிர்ச் சிதறலும் கூடும். எக்ஸ்ரே குழாய்க்கும் படம் பதியும் தட்டுக்கும் உள்ள தூரத்தையும் மறக்காதீர்கள்: 100 செ.மீ.யிலிருந்து 180க்குப் போனால் எம்ஏஎஸ் 3 மடங்குக்கு மேல் வேண்டும்.

இப்போதுதான் எல்லாம் டிஜிட்டல் ஆச்சே என்பீர்கள். அங்கேதான் சிக்கல்: கதிர் கூடினாலும் குறைந்தாலும் கணினியே வெளிச்சத்தைச் சரிசெய்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பருமனான ஒருவரின் இடுப்பைக் குழந்தைக்கு வைத்திருந்த செட்டிங்கிலேயே எடுத்துவிட்டேன். திரையில் வெளிச்சம் சரியாகத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ரவையைக் கொட்டினாற்போல ஒரே புள்ளி. திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதைவிட மோசம், அளவு கூடிப்போவது: படம் பளிச்சென்று அழகாக வரும், நோயாளி வாங்கிய கூடுதல் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வெளிச்சத்தை நம்பாமல், தட்டில் விழுந்த கதிரின் அளவைக் காட்டும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணைப் பாருங்கள்.

சனிக்கிழமை காலை 10 மணி, ஜார்ஜ்டவுனில் வழக்கமான இடம். ஆளுக்கு இரண்டு படம் கொண்டுவாருங்கள். குறைந்தது ஒன்று சொதப்பியதாக இருக்கட்டும். நோயாளியின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண்ணை மறைத்துவிடுங்கள்.