ஆங்கிலக் கேட்டல், வாசித்தல் திறன் தேர்வுகளை முறையாக நடத்தித் தர வேண்டி மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
9, 10-ஆம் வகுப்பு மாணவ, மாணவியரின் பெற்றோர்கள்,
அரசு உயர்நிலைப்பள்ளி,
கே.வி.குப்பம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கான ஆங்கிலக் கேட்டல், வாசித்தல் திறன் தேர்வுகளைப் பிள்ளைகளின் காதில் விழும்படியும், பார்க்காத பத்திகளைக் கொண்டும் நடத்த உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் ரயில் பாதையை ஒட்டி, லத்தேரியைத் தாண்டிக் குடியாத்தம் செல்லும் வழியில் உள்ள கிராமம் எங்களுடையது. தாங்கள் இப்பகுதிக்கு ஆய்வுக்கு வந்து சென்றவர் என்பதால் இடத்தைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை என்று நம்புகிறோம். எங்களில் சிலர் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறோம். சிலர் பேர்ணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளுக்குப் போய் வருகிறோம். பெண்களில் பலர் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறோம். எங்களில் யாருக்கும் ஆங்கிலம் வாசிக்கவோ, காதால் கேட்டுப் புரிந்துகொள்ளவோ தெரியாது. பிள்ளைக்கு ஆங்கிலம் எந்த அளவுக்கு வருகிறது என்பதைப் பள்ளி தரும் மதிப்பெண்ணை வைத்துத்தான் நாங்கள் அறிந்துகொள்கிறோம். அந்த மதிப்பெண்ணே உண்மையைச் சொல்லவில்லை என்பதுதான் எங்கள் குறை.

இது குறித்து நாங்கள் முன்னர் அளித்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு பதிலும் வந்தது. எங்கே அனுப்பினார்கள், அங்கே யார் பார்த்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே தங்களை நேரடியாக அணுகுகிறோம்.

எங்கள் பள்ளியில் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை ஒட்டி, 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கேட்டல் திறனையும் வாசித்தல் திறனையும் சோதிக்கும் தேர்வு பள்ளி அளவில் நடத்தப்படுகிறது. தேர்வு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும் என்றே சொல்கிறோம். 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்குரிய 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே உரியது. காதால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. பாடப்புத்தகத்தில் கேட்டல் பயிற்சி இருந்தும், மதிப்பெண் இல்லாத காரணத்தால் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படியிருக்க, பள்ளி அளவிலாவது அந்தத் திறனைச் சோதிக்க முன்வந்ததை நாங்கள் வரவேற்றோம். சோதிக்கும் விதத்தைப் பார்த்த பிறகுதான் மனு எழுத வேண்டிய நிலைக்கு வந்தோம்.

கடந்த அரையாண்டுத் தேர்வின்போது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்காகச் சென்றிருந்த எங்களில் சிலர், அத்தேர்வு நடந்ததை வராந்தாவில் நின்று நேரில் பார்த்தோம். ரயில் பாதைப் பக்கம் இருக்கும் சிமென்ட் ஷீட் கூரை போட்ட அறை அது. இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். கடைசி வரிசை பெஞ்சுகள் பின்பக்க ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருந்தன. அந்த ஜன்னலில் ஒரு கதவு இல்லை. ஆசிரியர் மேசையில் கைப்பேசியை வைத்து, சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றில் ஒலிப்பதிவை ஓட விட்டார். பாதி ஓடியிருக்கும்போது சரக்கு ரயில் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. சரக்கு ரயில் முழுதாகக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது இந்தப் பக்கம் ரயில்வே கேட்டில் நின்ற எவருக்கும் தெரியும். கூரை ஷீட் அதிர்ந்தது. வராந்தாவில் நின்ற எங்களுக்குள் பேசிக்கொண்டதே எங்களுக்குக் கேட்கவில்லை. ஒலிப்பதிவை யாரும் நிறுத்தவில்லை. ரயில் போன பிறகு திருப்பிப் போடவும் இல்லை. அதற்குப் பின்னர்தான் வினாத்தாளைக் கொடுத்தார்கள்.

அந்த ஒலிப்பதிவில் பேருந்து புறப்படும் நேரம் பற்றிய ஓர் அறிவிப்பு இருந்ததாகவும், நேரம் 'ஃபைவ் ஃபிஃப்டீன்' என்பதா 'ஃபைவ் ஃபிஃப்டி' என்பதா என்று ஒரு கேள்வி கேட்கப்பட்டதாகவும் பிள்ளைகள் சொன்னார்கள். அமைதியான அறையில் உட்கார்ந்திருப்பவர்களே கவனமாகக் கேட்டால்தான் பிரித்தறியக்கூடிய வேறுபாடு அது. திருத்தி வந்த விடைத்தாள்களைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கி, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டு, பெஞ்சு வாரியாக அடுக்கிப் பார்த்தோம். முன் இரண்டு வரிசையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சரியாக எழுதியிருக்கிறார்கள். ஜன்னலோரம் இருந்தவர்களில் பெரும்பாலோர் தவறாக எழுதியிருக்கிறார்கள், அல்லது எழுதாமல் விட்டிருக்கிறார்கள். காலாண்டுத் தேர்வில் நன்றாக எழுதிய பெண் ஒருத்தி, இம்முறை பஸ் தாமதமாக வந்ததால் கடைசி பெஞ்சில் உட்கார நேர்ந்து, ஐந்தில் ஒன்றுதான் வாங்கியிருக்கிறாள். ஐயா, இந்தத் தேர்வு எதைச் சோதித்தது? பிள்ளையின் ஆங்கிலத்தையா, பிள்ளை உட்கார்ந்த இடத்தையா?

வெறும் ஐந்து மதிப்பெண்ணோடு போயிருந்தால் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம். இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் பிள்ளைகளை 'மெல்லக் கற்போர்' என்று தனியாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்குப் பாடம் நடத்தப்படுவதில்லை. தேர்ச்சிக்குத் தேவையான 35 மதிப்பெண்ணுக்கு மட்டும் அச்சடித்த சில பக்கங்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். கேட்டல் பயிற்சி இல்லை, வாசிப்பும் இல்லை. மற்ற பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது இவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து அதே நான்கு விடைகளை எழுதி எழுதிப் பார்க்கிறார்கள். மேலே சொன்ன பெண்ணின் பெயரும் இப்போது அந்தப் பட்டியலில் இருக்கிறது. "எனக்கு இங்கிலீஷ் வராதும்மா, மிஸ்ஸே சொல்லிட்டாங்க" என்று வீட்டில் சொல்கிறாளாம். ரயில் சத்தத்தில் கேட்காமல் போனதைப் பிள்ளையின் மந்தம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு எல்லாவற்றையும் விட வலிப்பது இதுதான். கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்கச் சொல்லி, படிக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆங்கில ஆசிரியரைக் குறை சொல்வது எங்கள் நோக்கம் அல்ல என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம். அவர் தம் சொந்தக் கைப்பேசியில், தம் கைக்காசு போட்டு வாங்கிய ஸ்பீக்கரில் நடத்துகிறார். பள்ளியில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது, கணினிகள் இருக்கின்றன, ஹெட்போன்கள் பீரோவில் இருக்கின்றன. ஆய்வகம் பெரும்பாலும் எமிஸ் எனப்படும் கல்வித் துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் வேலைக்கே பயன்படுகிறது. உடைந்துவிட்டால் யார் பொறுப்பேற்பது என்று ஹெட்போன்களை வெளியே எடுப்பதில்லை என்கிறார்கள். பிள்ளைகளுக்காக அரசு கொடுத்த பொருள் பிள்ளைகளின் காதுக்கு வராமல் பீரோவில் இருந்து யாருக்கு என்ன பயன்?

எனவே கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் கனிவுடன் பரிசீலித்து உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. கேட்டல் திறன் தேர்வை ரயில் பாதைப் பக்க அறையில் நடத்தாமல், உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஹெட்போன் வைத்து, சிறு சிறு குழுக்களாக நடத்த வேண்டும்.

2. வினாக்களை முதலில் வாசிக்கக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே ஒலிப்பதிவைப் போட வேண்டும். பொதுத்தேர்விலேயே வினாத்தாளை வாசிப்பதற்கென்று 10 நிமிடம் ஒதுக்குகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாமல் கேட்டுவிட்டுப் பிறகு விடை எழுதுவது நினைவாற்றலைச் சோதிப்பதாகும், கேட்டுப் புரிந்துகொள்வதை அல்ல. ஒலிப்பதிவை இரண்டு முறை போட வேண்டும்; இடையில் ரயிலோ மின்தடையோ குறுக்கிட்டால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். இதற்குப் பணம் செலவாகாது.

3. வாசித்தல் திறன் தேர்வுக்குப் பாடப்புத்தகத்தில் இல்லாத புதிய பத்திகளைக் கொடுக்க வேண்டும். இப்போது கொடுப்பவை எல்லாம் பாடத்தில் உள்ள பத்திகளே. அவற்றுக்கான விடைகள் கைடில் அச்சடித்தபடியே இருக்கின்றன. பத்தியை ஒரு வரிகூட வாசிக்காமல், கேள்வியின் முதல் இரண்டு சொற்களை அடையாளம் கண்டு விடையை அப்படியே எழுதும் பிள்ளைகள் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். கேள்வியில் 'யார்' என்பதை 'ஏன்' என்று மாற்றிக் கேட்டபோதும் அதே விடையை எழுதிய பிள்ளைகளின் தாள்கள் எங்களிடம் உள்ளன. மாத்திரை அட்டையில் இருப்பது, ரயில் முன்பதிவுச் சீட்டில் இருப்பது, பேங்க் படிவத்தில் இருப்பது போன்றவற்றை வாசித்துப் பொருள் சொல்ல முடிகிறதா என்று சோதித்தால் எங்களுக்கும் பயன் புரியும். கூடவே, ஒவ்வொரு பிள்ளையையும் ஐந்து நிமிடமாவது தனியே உட்கார வைத்து உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 10-ஆம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை.

4. காது மந்தமான பிள்ளைகளை முன்பே கண்டறிந்து அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்.

5. ஏற்கெனவே நடந்த தேர்வின் அடிப்படையில் தயாரித்த 'மெல்லக் கற்போர்' பட்டியலை ரத்து செய்து, மறுதேர்வு நடத்திய பிறகே யாருக்கு எந்தப் பயிற்சி தேவை என்று முடிவு செய்ய வேண்டும். இது எங்கள் கோரிக்கைகளில் மிக முக்கியமானது. மற்றவற்றுக்குக் காலம் எடுத்தாலும் இதற்குக் காலம் எடுக்கக் கூடாது. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிள்ளைகள் 12-ஆம் வகுப்பு முடித்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லும் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021-லும் கொடுத்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் பெற உரிமை உள்ளவர்கள். இடம் கிடைத்த பிறகு முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டாமா? அந்தப் பயிற்சியை 14 வயதில் மறுத்துவிட்டு 18 வயதில் எங்கே போய்த் தேடுவது? வேலூர் பக்கத்துப் பெண்கள் நர்சிங் படித்து வெளிநாடு போவது தாங்கள் அறிந்ததே. அவர்களில் பலர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் கேட்டலுக்கு 40 கேள்வி, வாசித்தலுக்கு 40 கேள்வி. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். அங்கே போய் மரத்தடியில் மனப்பாடம் செய்த நான்கு விடைகளை ஒப்பிக்க முடியுமா? எங்கள் பிள்ளைகளுக்கு இவை எல்லாம் எதற்கு என்று நினைக்கிறார்களா? அப்படி நினைத்தால் அதையாவது எழுத்தில் கொடுக்கட்டும்.

6. மதிப்பெண்ணோடு விடைத்தாளையும் பள்ளியே பெற்றோருக்குக் காட்டி விளக்க வேண்டும். எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்காக எங்களிடம் விளக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பிவிடுகிறார்கள்.

ஐயா, கோபத்தில் ஏதேனும் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். முந்தைய மனுக்களை இன்னும் பணிவாகத்தான் எழுதினோம். பணிவாக எழுதியதால் அவசரமில்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் புதுக் கட்டடம் கேட்கவில்லை. கூடுதல் ஆசிரியர்கூட இந்த மனுவில் கேட்கவில்லை. பீரோவைத் திறக்கச் சொல்கிறோம். ஒலிப்பதிவை இரண்டு முறை போடச் சொல்கிறோம். தவறாகப் போட்ட பட்டியலைக் கிழிக்கச் சொல்கிறோம்.

கே.வி.குப்பம் பக்கம் தாங்கள் அடுத்த முறை வரும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் எங்கள் பள்ளியின் அந்த அறையில் கடைசி பெஞ்சில் பத்து நிமிடம் அமர்ந்து கேட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். திங்கட்கிழமை வந்தால் ஆட்டுச் சந்தைக்கு வரும் வண்டிகளின் சத்தமும் சேர்ந்திருக்கும். அதன் பிறகு தாங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும் அதற்குக் கட்டுப்படுகிறோம்.

மறுதேர்வு நடத்தவும் பட்டியலை ரத்து செய்யவும் உடனடியாக உத்தரவிட வேண்டும் என்று மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். இம்மனுவின் மீது எடுத்த நடவடிக்கையை, அனுப்பப்பட்டது என்ற ஒரு வரியாக இல்லாமல், எந்தத் தேதியில் எந்த அறையில் தேர்வு நடக்கும் என்ற விவரத்தோடு எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: பெஞ்சு வாரியாக அடுக்கிய விடைத்தாள்களின் நகல், பெற்றோர் கையொப்பங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
9, 10-ஆம் வகுப்பு மாணவ, மாணவியரின் பெற்றோர்கள்