கண்மை டப்பாவோடு ஒரு கடிதம்

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்புவுக்கு,

உன் சிட்டு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். குட்டிப் பாப்பா குப்புற விழுந்துவிட்டாளா? விழுந்த அன்றைக்கே போட்டோ அனுப்பவில்லை என்றால் உன்னோடு டூ.

புதன்கிழமை ராத்திரி பேசிக்கொண்டிருக்கும்போதே பாப்பா அழுதாள், நீ போனை வைத்துவிட்டாய். வைப்பதற்கு முன்னால் நீ சொன்னது நாலு நாளாக என் காதிலேயே இருக்கிறது. "கன்னத்துல மங்கு விழுந்துடுச்சுடி, கண்ணாடி பார்க்கவே பிடிக்கல. அத்தை ஒரு க்ரீம் சொல்றாங்க, வாங்கட்டுமா?" என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் மறுபடியும் பாதியில் நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பா தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொள்.

முதலில் அந்த க்ரீம். வாங்காதே. அத்தை மனசு நோகாமல் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடு. டப்பாவில் தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் நம்பர், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல், காலாவதி தேதி இதெல்லாம் இருக்கிறதா என்று பார். ஒன்று குறைந்தாலும் அது முகத்துக்கு ஆகாது. நான் பட்டது உனக்குத் தெரியும். பதினோராவது படிக்கும்போது சொந்தக்கார அக்கா ஒருத்தி கொடுத்த, லேபிளே இல்லாத அந்த வெள்ளை டப்பா. பத்தே நாளில் முகம் பளபளவென்று ஆகி, கல்யாண வீட்டில் எல்லோரும் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். மூன்றாவது மாதம் கன்னம் சிவந்து, கொப்பளித்து, வெயில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. கிருஷ்ணகிரி டாக்டர் பார்த்த உடனே சொன்னார், இது ஸ்டீராய்டு கலந்த க்ரீம், தோலே மெலிந்துபோயிருக்கிறது என்று. சரியாக ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும் பஸ்ஸில் வெயில் அடிக்கிற ஜன்னல் ஓரம் நீதான் உட்கார்ந்தாய். நான் கேட்கவே இல்லை, நீயாக மாறி உட்கார்ந்தாய். அதை நான் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன்.

மங்குக்கு வருகிறேன். கர்ப்பத்தில் ஹார்மோன் மாறுவதால் நிறையப் பேருக்கு இது வரும். பிள்ளை பிறந்து சில மாதத்தில் பலருக்குத் தானாகவே மங்கிப் போகும். அதைப் போகவிடாமல் பிடித்து வைப்பது வெயில்தான். மொட்டை மாடியில் பாப்பா துணி காயப்போடப் போகிறாயே, அந்தப் பத்து நிமிஷமும் கணக்கில் சேரும். அதனால் உனக்கு இப்போது வேண்டியது சன்ஸ்க்ரீன் ஒன்றுதான். எஸ்பிஎஃப் 30 இருந்தாலே போதும். 30 போட்டால் தோலைச் சுடுகிற கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 போட்டால் 98. ஒரு சதவீதத்துக்காக அதிகம் காசு கொடுக்காதே. ஆனால் அளவில் கஞ்சத்தனம் கூடாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகம் கழுத்து இரண்டுக்கும் பூசு. நாம் கல்லூரியில் பட்டாணி அளவு வைத்துத் தேய்த்தோமே, அது ஒன்றுக்கும் உதவாது. வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மறுபடி பூச வேண்டும். பாலூட்டுகிறாய் அல்லவா, அதனால் ஜிங்க் ஆக்சைடு சேர்ந்ததாகக் கேட்டு வாங்கு. லேசாக நிறம் கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் இருக்கிற இரும்பு ஆக்சைடு சாதாரண வெளிச்சத்தையும் தடுக்கும், அதுவும் மங்கைக் கூட்டுகிற ஒன்றுதான். ரெட்டினால் என்று எழுதியிருப்பதைத் தொடாதே. ஆறேழு மாதம் கழித்தும் போகவில்லை என்றால் தோல் டாக்டரிடம் போ, கடைக்காரரிடம் கேட்காதே.

அப்பாடா, இதைச் சொல்லி முடித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

இனி என் கதை. மாங்கூழ் கம்பெனியில் சீசன் உச்சத்தில் இருக்கிறது. பெங்களூரா மாங்காய் லோடு ராத்திரி பகல் பார்க்காமல் வந்து இறங்குகிறது. லேப்பில் என் வேலை கூழை ஒரு துளி வைத்து பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு பார்ப்பது, புளிப்புப் பார்ப்பது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை பார்க்கிறேன். பிடித்த வேலைதான். ஆனால் உள்ளே போகும்போது நெயில் பாலிஷ் கூடாது, வளையல் கூடாது, தோடு கூடாது, பூ கூடாது, சென்ட் கூடாது, ஸ்டிக்கர் பொட்டுகூடக் கூடாது. விழுந்தால் நேராகக் கூழுக்குள்தான் போகும், அதனால் அது நியாயம்தான். தலைக்கு வலை, வாய்க்கு மாஸ்க். ஆறு நாளும் என் முகம் வெறும் முகம்.

அந்த லாக்கர் அறையை நீ பார்க்க வேண்டும் பாப்பு. இரும்புக் கதவுகளின் உள்பக்கம் முழுக்கப் பொட்டு. மெரூன், கறுப்பு, கல் வைத்தது, கீழே சின்னதாக இன்னொன்று சேர்ந்தது என்று எல்லோரும் உள்ளே போகும்போது ஒட்டிவிட்டுப் போவார்கள். ஷிப்ட் முடிந்து வந்து அவரவர் பொட்டைச் சரியாக எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். இத்தனை பொட்டில் ஒருத்தியுடையதை இன்னொருத்தி இதுவரை எடுத்ததில்லை. பொட்டு ஏறியதும் அந்த முகம் மாறுகிற மாற்றம் இருக்கிறதே, பத்து மணி நேரம் நின்ற களைப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

போன சனிக்கிழமை தோல் சீவுகிற பிரிவில் இருக்கும் அக்கா ஒருத்தர் நான் லிப்ஸ்டிக் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கும். "எனக்கு ஒருதரம் வெச்சு விடு பாப்பா" என்றார். வாழ்க்கையில் போட்டதே இல்லையாம். முதலில் தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவி, உதடு ஊறியதும் ஒற்றி எடுத்துவிட்டு, நம்முடைய அந்தச் செங்கல் நிறத்தை விரலால் தொட்டு மெதுவாக வைத்தேன். லாக்கர் கண்ணாடியில் பார்த்தார். சிரிக்கவில்லை. வாயைத் திறந்து, மூடி, மறுபடி பார்த்தார். பஸ்ஸில் அவர் ஊர் வருவதற்கு முன்னால் முந்தானையால் துடைத்தார், ஆனால் முழுக்கத் துடைக்கவில்லை. கொஞ்சம் விட்டு வைத்தபடியே இறங்கிப் போனார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த நிறத்தைத் தேடி நாம் அலைந்தது ஞாபகம் இருக்கிறதா? ரவுண்டானா பக்கம் இருக்கிற பேன்சி ஸ்டோரில் எதை எடுத்தாலும் வெளிர் ரோஸ். அதைப் போட்டால் நம் நிறத்துக்குச் சாம்பல் பூசியது போல இருக்கும். அப்புறம்தான் புரிந்தது, குறை நம் முகத்தில் இல்லை, நாம் எடுத்த நிறத்தில் இருந்தது என்று. மாநிறத்துக்குச் செங்கல், துரு, மெரூன், கொஞ்சம் பழுப்பு கலந்த சிவப்பு இதெல்லாம்தான் அப்படியே பொருந்தி உட்காரும். மணிக்கட்டில் நரம்பு பச்சையாகத் தெரிகிறவர்களுக்கு இன்னும் நன்றாக எடுக்கும், உனக்கும் எனக்கும் பச்சைதான். 1975இலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்து விற்ற க்ரீம்கூட 2020இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. மாமியார்கள் மனசிலிருந்தும் அது சீக்கிரம் போகட்டும்.

அம்மாவுக்கு லிப்ஸ்டிக் என்றாலே ஆகாது அல்லவா? இப்போது மாறிவிட்டார். டாடா நிறுவனம் 1952இல் லக்மேயைத் தொடங்கியபோது, ஒரு பிரெஞ்சு இசை நாடகத்தின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரே நம் லக்ஷ்மியின் பிரெஞ்சு உருவம்தான் என்று ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். "அப்படிச் சொல்லு, லக்ஷ்மியா" என்று வாங்கிப் பார்த்து, மூடியைப் பத்திரமாகப் போட்டு, சாமி அலமாரிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் படம். போன வாரம் 'காதல் கோட்டை'. 1996இல் வந்த படம், நாம் பிறப்பதற்கும் முன்னால். எத்தனையாவது தடவை என்று அம்மாவுக்கே தெரியாது. ஊட்டியில் தேவயானி, ஜெய்ப்பூரில் அஜித், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை, கடிதத்திலேயே எல்லாம். சென்னைக்கு வந்து எதிர் எதிரே நின்றாலும் யாரென்று தெரியாமல் சண்டை போட்டுக்கொள்வார்கள். எனக்கு அந்த இடமெல்லாம் வயிற்றைப் பிசையும். கடைசியில் ரயில் நிலையத்தில் அவள் கொடுத்த ஸ்வெட்டரைப் பார்த்துத்தானே அடையாளம் தெரிகிறது? முகம் அழகா இல்லையா என்ற கேள்விக்கே அந்தப் படத்தில் இடம் கிடையாது. இயக்குநர் அகத்தியனுக்கு அதற்குத் தேசிய விருது கிடைத்தது, கிடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அம்மா அழுதுகொண்டே வெங்காயம் உரித்தார். கடிதம் எழுத வேண்டும் என்ற ஆசை வந்ததே அன்றைக்குத்தான்.

அதைப் பார்த்ததும் எனக்கு '96' படம் நினைவு வந்தது. 2018 அக்டோபர், நாம் முதல் வருஷம். மதிய வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போனோம். நீ வீட்டுக்கு வரும்வரை பேசவே இல்லை. மறு வாரமே இரண்டு பேரும் அதில் நாயகி ஜானு போட்டிருந்த மாதிரி மஞ்சள் குர்தாவுக்கு அலைந்தோம், கிடைத்த மஞ்சள் வேறு மஞ்சள். எனக்கு அந்தப் படத்தில் பேச்சை விடக் கடைசி நிமிஷம்தான். ஜானு விமானம் ஏறிப் போன பிறகு, மழையில் நனைந்து காயப்போட்ட அவள் உடையை நாயகன் ராம் எடுத்து, மடித்து, பழைய பொருளெல்லாம் இருக்கிற பெட்டியில் வைப்பான். ஒரு வார்த்தை கிடையாது. ஒருத்தி உடுத்தியது, பூசியது, தொட்டது எல்லாவற்றிலும் அவள் கொஞ்சம் இருப்பாள் என்று நான் நம்புகிறேன். நீ கல்யாணத்துக்கு முதல் நாள் கொடுத்துவிட்டுப் போன பாதி லிப்ஸ்டிக் இன்னும் என்னிடம் இருக்கிறது. திறந்தால் 12 மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அடியில் டப்பா படம் போட்டிருப்பார்களே, அந்தக் கணக்குப்படி அது எப்போதோ முடிந்துவிட்டது. உதட்டில் வைப்பதில்லை, தூக்கிப் போடவும் மாட்டேன்.

சரி, டப்பா விஷயம். அம்மா உனக்காகக் கண்மை கூட்டினார். தென்பெண்ணைக் கரை வயல் வரப்பில் கரிசலாங்கண்ணி பறித்து வந்தது நான். அரைத்துப் பிழிந்த சாற்றில் வெள்ளை வேட்டித் துணியை நனைத்து நிழலில் காயவைத்து, காய்ந்ததும் மறுபடி நனைத்து, மூன்று நாள் இப்படியே. துணி கரும்பச்சையாகி மொடமொடவென்று ஆகிவிட்டது. அதைத் திரித்து, அகலில் விளக்கெண்ணெய் ஊற்றி, மூன்று செங்கல் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து ராத்திரி ஏற்றி வைத்தார். காலையில் தட்டைத் திருப்பினால் அடியில் கறுப்பு வெல்வெட் ஒட்டியது போலப் புகை. ஊதிவிடாதே என்று என்னை மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கோழி இறகால் வழித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்ததும் சுண்டைக்காய் அளவுதான் வந்தது. அத்தனையும் உனக்கு.

ஆனால் ஒன்று கேள். அது உன் கண்ணுக்கு மட்டும். பாப்பாவின் கண்ணில் வைக்காதே, குழந்தைக் கண்ணில் மை வைக்க வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். அம்மாவே ஒப்புக்கொண்டார். திருஷ்டிக்கு உள்ளங்காலில் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்கிறார், கை வாயில் போகும், கால் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று. உன் டப்பாவை யாருக்கும் இரவல் கொடுக்காதே, ஈரக் கையால் தொடாதே. கண் அரித்தால் அன்றைக்கே நிறுத்திவிடு.

அண்ணன் புதன்கிழமை ஈரோட்டுக்கு லோடு எடுத்து வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். வைக்கோல் போட்ட பெட்டியில் மேலே இருக்கிற மல்கோவா வந்த அன்றைக்கே சாப்பிடலாம், அடியில் இருப்பதை மூன்று நாள் விட்டு வை. கண்மை டப்பாவும் ஒரு புதுச் செங்கல் நிற லிப்ஸ்டிக்கும் ஓரத்தில், பழைய பாவாடைத் துணியில் சுற்றியிருக்கும். வைக்கோலோடு சேர்த்துக் கொட்டிவிடாதே. போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மங்கு தெரிந்தால் தெரியட்டும், மறைக்காமல் எடு. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன்
சிட்டு