பஸ் வருவது தாய்க் கிராமத்துக்கு, நாங்கள் இருப்பது கண்மாய்க் கரையில்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலர்களுக்கும், எங்கள் வட்டாரத்தில் எந்த ஊருக்குப் பஸ் என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் கிராமத்துக்குப் பஸ் வசதி உண்டு என்று உங்கள் ஏடு சொல்கிறது. அது பொய்யில்லை. எங்கள் குடியிருப்பையும் சேர்த்துக் கணக்கெழுதும் தாய்க் கிராமத்துக்கு நாள் முழுக்க பஸ் இருக்கிறது. எங்கள் குடியிருப்போ அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, வைகைப் பாசனக் கண்மாய் ஒன்றின் கரையில் கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பின் கிராம விவரத் தொகுப்பில் உட்கிடைக் குடியிருப்புகளையும் சேர்த்து ஒரு வருவாய் கிராமத்துக்கு ஒரே வரிதான். மக்கள்தொகை எவ்வளவு, பஸ் உண்டா, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள் கிடைக்குமா, 10-க்குள்ளா, அதற்கும் அப்பாலா. அந்த ஒரு வரியில் எங்களையும் சேர்த்தே ‘உண்டு’ என்று எழுதியாகிவிட்டது. பஸ் கேட்டு மனுவோடு போய் நிற்கும்போதெல்லாம் அந்த ‘உண்டு’தான் எங்களைத் திருப்பி அனுப்புகிறது.

மாலையில், பஸ் சாலையிலிருந்து எங்கள் பாதை பிரியும் விலக்குக்கு வந்து பாருங்கள். ஏழு மணியிலிருந்தே புளியமரத்தடியில் சைக்கிள்களும் ஒன்றிரண்டு பைக்குகளும் வந்து நிற்கத் தொடங்கும். கல்லூரிக்கும் ஜவுளிக்கடை வேலைக்கும் போன பெண் பிள்ளைகளை அழைத்துப் போக வந்த அப்பன்மார்கள், அண்ணன்மார்கள். பஸ் தாமதமானால் யாரும் பேசுவதில்லை. எல்லாரும் சாலையின் வளைவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளக்கு வெளிச்சம் தெரிந்ததும் ஒவ்வொருவராகச் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளும் சத்தம் கேட்கும். அழைத்துப் போக ஆளில்லாத வீட்டுப் பெண்கள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள். என் தங்கையும் அப்படி நின்றவள்தான்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் சந்தைக்குப் போய்ச் சுமையோடு திரும்பும்போது, பஸ்ஸில் மிச்சமான காசை விலக்கில் ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீடு வர முடிகிறது.

இரண்டாவது முறை மனு கொடுத்தபோது, “ஆள் குறைவு, வசூல் வராத தடம்” என்றார்கள். ஆள் ஏன் குறைந்தது? பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் குடும்பங்கள் டவுனில் வாடகைக்குப் போயின. திருப்பூருக்குப் போனவர்களும் உண்டு. 2027 பிப்ரவரியில் தலைக்கணக்கு எடுக்கும்போது அவர்களெல்லாம் இருக்கிற இடத்தில்தான் எண்ணப்படுவார்கள். எங்கள் எண்ணிக்கை இன்னும் குறையும். பஸ் இல்லாததால் குறைந்த எண்ணிக்கையைக் காட்டியே பஸ் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

சாலைக்கு இப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வருவாய் கிராமத்தை விட்டுவிட்டுக் குடியிருப்பையே அலகாக எடுத்துக்கொண்டது. சமவெளியில் 500 பேர், மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 250 பேர் என்று வரம்பு வைத்தது. 500 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணவும் இடம் கொடுத்தது. தார் போடக் குடியிருப்பைத் தனியாகப் பார்க்க முடியும் என்றால், அந்தத் தாரில் பஸ் ஓட்டவும் பார்க்க முடியும்.

கணக்கெடுப்பு அலுவலர்களே, வரைபடம் வரைந்து வீடு வீடாக எண் போடும்போதே எங்கள் குடியிருப்பு தனியாகத் தெரியும். அதன் எண்ணிக்கையைத் தாய்க் கிராமத்தில் கரைத்துவிடாமல் தனியாக வெளியிடுங்கள். பஸ் எங்கே நிற்கிறது என்பதையும் குடியிருப்பிலிருந்து அளந்து எழுதுங்கள்.

வழித்தட அதிகாரிகளே, பஸ் போகாத இடங்களுக்கென்றுதானே 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியது? அதில் எங்களைச் சேருங்கள். நாள் முழுக்க வண்டி வேண்டும் என்று கேட்கவில்லை. காலை ஏழரைக்கு ஒரு நடை, இரவு எட்டு மணிக்கு ஒரு நடை. கண்மாய்க் கரையில் வண்டி திரும்ப இடம் இருக்கிறது. சீமைக்கருவேலத்தை வெட்டி அதை நாங்களே ஒழுங்கு செய்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கண்மாய்க் கரைக் குடியிருப்பிலிருந்து ஒருவன்